பதினோரு வருஷம் கழிச்சு

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா கேன்சருக்குப் பயமில்லை" என்று எங்க குத்துக்கல்வலசையில் எல்லாருக்கும் ஒரு கணக்கு உண்டு. டவுனில் இருக்கிற உங்களுக்கும் இருக்கும். பல கேன்சருக்கு அது ஓரளவு சரியாகவும் இருக்கலாம். என் சித்தப்பா மகனுக்குச் சரியா வரல. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். பேர் மட்டும் வேண்டாம்.

2013-ல் அவனுக்கு 27 வயசு. வலது தொடையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. வலியே கிடையாது. வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பான். கை வச்சுப் பார்த்தா லேசா துடிக்கும், அவ்வளவுதான். கொழுப்புக் கட்டி, மூட்டை தூக்கினதில் சதை புரண்டிருக்கும் என்று ஆளுக்கொன்னு சொன்னாங்க. அது வளர்ந்துகிட்டே போகவும் மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் கூட்டிட்டுப் போனோம். சதைத் துணுக்கைப் பார்த்துட்டு, 'ஆல்வியோலார் சாஃப்ட் பார்ட் சார்கோமா' என்றார்கள்.

மென்திசுப் புற்றுநோயே அரிது. அதிலும் நூத்துக்கு ஒன்னுகூட இது இருக்காது. 1952-ல் நியூயார்க் டாக்டர்கள்தான் இதைத் தனி நோயாகப் பிரிச்சுப் பேர் வச்சாங்க. நுண்ணோக்கியில் செல்கள் நுரையீரல் காற்றறை மாதிரி கூடு கூடாத் தெரியுமாம். தொடையில் வர்ற நோய்க்கு நுரையீரல் சாயலில் பேர்! அப்பவே எனக்கு அது பிடிக்கல.

கட்டியை எடுத்தாச்சு. மூணாம் மாசம் மம்பட்டி பிடிச்சான். கல்யாணம் ஆச்சு, ரெண்டு பிள்ளைங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் ஊரே "தாண்டிட்டான்" என்றது. வருஷா வருஷம் எடுத்த நெஞ்சு ஸ்கேனும் அதோட நின்னு போச்சு. நல்லா இருக்கிற ஆளு அறுப்பு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவானா?

2024 சாரல் சமயத்தில் இருமல். குற்றாலத்தில் சாரல் அடிக்கையில் இங்க இருமாத ஆள் யாரு? மூணு வாரமாகியும் நிக்கலையேன்னு படம் எடுத்தா, ரெண்டு பக்க நுரையீரலிலும் புள்ளி புள்ளியா. அதே பழைய நோய்.

"அண்ணே, பதினோரு வருஷமா எங்க கிடந்துச்சு இது?" என்றான்.

டாக்டர் சொன்னதை நம்ம பாஷையில் சொல்றேன். காலிலிருந்து திரும்புற ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேரா நுரையீரலுக்குத்தான் போகும். அங்க முடியைவிட மெல்லிய குழாய்கள். வாய்க்கால் சருகு முதல் மடையில் தட்டி நிக்கும்ல, அப்படி. ஆபரேஷனுக்கு முன்னாடியே போய் விழுந்திருக்கும். கோடையெல்லாம் மண்ணுக்குள்ள கிடக்கிற கோரைக்கிழங்கு மாதிரி கிடந்திருக்கு.

1989-ல் வெளியான ஒரு ஆய்வு, 102 நோயாளிகளைப் பத்தினது. முதலில் வேற எங்கேயும் பரவாம இருந்தவங்களில் அஞ்சு வருஷத்தில் உயிரோடு இருந்தவங்க 60 சதவீதம், பத்து வருஷத்தில் 38, இருபதில் 15. அன்றைய வைத்தியத்தின் கணக்குதான். ஆனாலும் அஞ்சோட நிக்கிற நோய் இது இல்லைன்னு தெரியுதுல்ல? இந்த நோய் வந்தவங்க வீட்டில் யாராவது இதைப் படிச்சா, ஸ்கேனை எப்போ நிறுத்தலாம்னு டாக்டர்தான் சொல்லணும், ஊர் சொல்லக் கூடாது.

வழக்கமான கீமோ இதுக்குப் பெரிசா எடுபடாது. கட்டிக்குப் போற ரத்தக்குழாய் வளர்ச்சியை அடக்குற சுனிடினிப் மாத்திரை சாப்பிடுறான். 39 வயசில் தலை பூரா வெள்ளை. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரியுது; சேத்துல கால் வைக்க முடியல. விவசாயிக்கு இதைவிட என்ன வேணும்! அடெசோலிசுமாப்னு ஒரு ஊசியை இந்த நோய்க்கு 2022 டிசம்பரில் அமெரிக்கா அனுமதிச்சிருக்கு. விலையைக் கேட்டுட்டுப் பேசாம திரும்பி வந்தோம்.

போன ஸ்கேனில் புள்ளிகள் வளரல. அடுத்தது ஐப்பசியில். அவன் வயலையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். பிசானத்துக்கு என்ன விதை போடணும்னு வரப்பில் செருப்போட உட்கார்ந்து என்னை அதிகாரம் பண்ணிக்கிட்டிருக்கான்.