பல்லும் சொல்லும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பர் பெரியோர். இப்பழமொழி முதியோருக்கு மட்டும் உரியதன்று. பள்ளி மாணவியருக்கும் பொருந்தும் என்பதைப் பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் இவ்வாண்டு கண்கூடாகக் கண்டோம்.

எங்கள் தோழி ஒருத்தி பேச்சுப் போட்டிக்குச் சென்றால் பரிசில்லாமல் திரும்ப மாட்டாள். கோ-கோ விளையாட்டில் கம்பத்தில் மோதி, அவளது மேல் முன்பல்லின் ஒரு மூலை உடைந்தது. வலி இரண்டு நாளில் போயிற்று; வெட்கம் போகவில்லை. ‘ஸ’ வரும் இடமெல்லாம் காற்று சீறியது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். காலைக் கூட்டத்தில் வாசிக்க மறுத்தாள். மாவட்டப் பேச்சுப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. “தங்கப் பல்லு கட்டிக்கலாம்டி, அந்தக் காலத்துல பெரிய வீட்டுக்காரங்க அப்படித்தான் வெச்சிருந்தாங்க” என்றாராம் பாட்டி. பரீட்சை முடியட்டும் என்றாராம் அப்பா. காலணித் தொழிற்சாலைக்கு வேன் ஏறும் அம்மாவோ, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நெமிலியிலிருந்து அவளை அரக்கோணத்துப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எங்களில் இருவர் துணைக்குப் போனோம்.

மருத்துவர் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பல்லின் நரம்பு பழுதுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பல் உலர்ந்தால் நிறம் வெளிறித் தோன்றுமாம். ஆகையால் ஈரமாக இருக்கும்போதே நிற அட்டையை வைத்துப் பொருத்தமான சாயலைத் தேர்ந்தார். பிறகு பாஸ்பாரிக் அமிலக் களிம்பைச் சில நொடிகள் தடவிக் கழுவினார். ஒட்டும் பிசினைப் பூசி, ‘காம்போசிட்’ என்னும் பசையைப் படலம் படலமாக வைத்து, ஒவ்வொரு படலத்தையும் நீல ஒளியால் இறுகச் செய்தார். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. இறுதியில் மெருகேற்றியபோது ஒட்டிய இடம் எதுவென்று எங்களுக்கே தெரியவில்லை.

அமிலம் எதற்கு என்று கேட்டோம். தோல் தொழில் நடக்கும் நம் பகுதியினருக்கு விடை எளிது. செருப்புத் தைப்பவர் அடி அட்டையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின்னரே சொல்யூஷன் தடவுவார் அன்றோ? அதுபோலவே அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. பிசின் அவற்றுள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. உலோகத்திற்கு வர்ணம் பூசுமுன் அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கத்தை அறிந்து, இம்முறையை 1955-இல் பல்லுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மைக்கேல் புவனோகோர். பிசினுடன் சிலிகாத் துகளைச் சேர்த்து உறுதியான பசையாக்கி, 1962-இல் காப்புரிமை பெற்றவர் ரஃபேல் போவன்.

கறை படிந்த பல்லையும் இவ்வாறே மறைக்கலாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை உண்டு. பல் துலக்காததால் வந்ததன்று அது. பல் உருவாகும் பருவத்தில் குடித்த நீரால் வந்தது. 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே காவிரி நீரைக் கொண்டு சேர்த்தது.

ஒட்டிய பல் என்றென்றும் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளில் திருத்த வேண்டி வரலாம். தேநீர், காபியால் நிறம் மாறலாம். கரும்பு கடித்தல், பேனா மூடியைப் பல்லால் திறத்தல் ஆகியன கூடா. பல் உடைந்தால் துண்டைப் பாலில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். அதையே ஒட்டவும் முடியும். நிலைத்த பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் விரையுங்கள்.

எங்கள் தோழி மறுவாரமே காலைக் கூட்டத்தில் வாசித்தாள். மாவட்டப் போட்டியில் இரண்டாம் பரிசும் பெற்றாள்.

ஆயினும் அன்புத் தோழியரே, எல்லா வீட்டிலும் ஒரு நாள் கூலியை விட இயலுமா? பல் நோயாளரின் பாதுகாவலியான புனித அப்பொலோனியாவை நினைப்போம். 249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் அவருடைய பற்களை உடைத்தவர்களால் அவருடைய விசுவாசச் சொல்லை உடைக்க முடியவில்லை. ஆகவே உடைந்த பல்லோடும் கறை படிந்த பல்லோடும் பேச எழுபவளைப் பார்த்து நகையாமல், அவள் சொல்லைக் கேட்போம். பல்லை ஒட்டுவது மருத்துவர் பணி. அவள் கைக்குட்டையை இறக்கச் செய்வது நம் பணி.