வாழாத வயதின் பாட்டு

ஜாக்ஸன் பிரவுன் 'தீஸ் டேஸ்' எழுதியபோது அவருக்கு 16 வயது. கலிபோர்னியாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். பாட்டில் பேசுகிறவரோ, வாழ்க்கை கைநழுவிப்போன பிறகு, செய்யாமல் விட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டு தனியே நடக்கிறவர். நாற்பதைத் தாண்டிய ஆள் என்றே தோன்றும். எந்த இழப்பை வைத்து எழுதினான் என்று துருவுவது வீண். இழப்பு வருவதற்கு முன்பே அதன் நடை அவனுக்குப் பிடிபட்டிருந்தது.

1967இல் பாடகி நிக்கோ அதைத் தன் தாழ்ந்த, அசையாத குரலில் பாடினார். பின்னால் கிட்டார் வாசித்தது அதே பையன்தான். 1973இல் பிரவுன் தானே பாடினார், வேகம் குறைத்து. கிரெக் ஆல்மன் பாடிய விதம் அவருக்கு வழி காட்டியது. தான் எழுதிய பாட்டை எப்படிப் பாடுவது என்று இன்னொருவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது!

*

பதின்வயதில் நல்ல பாட்டு எழுதியவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் "அந்த வயசு வேகம், அந்த வயசுக் காதல்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நான் விடாமல் கேட்கும் பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த வயதைப் பற்றியவையே அல்ல. வேறொருவரின் உடம்புக்குள், வேறொரு வயதுக்குள் புகுந்து எழுதியவை. அனுபவம் இல்லாததால் கற்பனை முழு வேலையையும் செய்ய வேண்டியிருந்தது.

*

வியன்னா, 1814 அக்டோபர் 19. ஷூபர்ட்டுக்கு வயது 17. அப்பாவின் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் கிரெட்சன் ராட்டையில் நூல் நூற்றபடி, தன் நிம்மதியைக் கொண்டுபோனவனை நினைத்துப் புலம்பும் இடத்தை எடுத்துக்கொள்கிறார். வார்த்தை கதேயுடையது. மற்றதெல்லாம் பையனுடையது.

பியானோவில் வலக்கை சக்கரமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். இடக்கையில் மிதிகட்டையின் தட்டல். அவன் முத்தம் நினைவுக்கு வரும்போது குரல் உச்சத்துக்கு ஏறுகிறது, சக்கரம் நின்றுவிடுகிறது. பியானோ ஒரு முறை தொட்டுப் பார்க்கிறது. மறுபடி தொடுகிறது. பிறகுதான் ராட்டை பழையபடி ஓடுகிறது. இந்தத் தடுமாற்றம் கவிதையில் இல்லை. அங்கே அடுத்த பத்தி சும்மா தொடர்கிறது. நினைவு வந்தால் கை வேலை நிற்கும், நின்ற கை மீண்டும் வேலைக்குத் திரும்பச் சிரமப்படும் என்று கண்டுகொண்டவன் 17 வயதுப் பையன். அந்த இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மூச்சு நிற்கிறது.

அடுத்த ஆண்டு 'எர்ல்கோனிக்'. ஒரே பாடகர் கதை சொல்பவராகவும், தந்தையாகவும், சாகப்போகும் பிள்ளையாகவும், அவனை அழைக்க வரும் மாயாவியாகவும் மாற வேண்டும். 1815இல் மட்டும் 140க்கு மேற்பட்ட பாட்டுகள். 1816இல் நண்பர் ஷ்பவுன் சில பாட்டுகளை கதேக்கு அனுப்பினார். ஒரு வார்த்தை பதிலும் இல்லாமல் அவை திரும்பி வந்தன. இருநூறு ஆண்டு கடந்தும் இதைப் படிக்கையில் மனம் ஆறவில்லை.

*

'பிறவி மேதை' என்று சொல்லி நகர்ந்துவிடுவதும் சரியில்லை. ஷூபர்ட் 11 வயதில் அரண்மனைத் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தவர். இசையமைப்பாளர் சாலியெரியிடம் பாடம் கேட்டவர். அடுத்துச் சொல்லப்போகும் கேரல் கிங் நான்கு வயதில் பியானோ முன் உட்கார்ந்தவர். வயதில் சிறியவர்கள், தொழிலில் பழையவர்கள்.

*

நியூயார்க், 1960. கேரல் கிங்குக்கு 18, கையில் குழந்தை. கணவர் ஜெரி காஃபினுக்கு 21. பகலில் வேதியியல் வேலை, மிச்ச நேரத்தில் பாட்டு. பிராட்வே 1650இல் இருந்த ஆல்டன் மியூசிக் இவர்களை வேலைக்கு வைத்திருந்தது. பியானோ போட்ட குட்டிக் குட்டி அறைகள். பக்கத்து அறையில் உருவாகும் மெட்டு சுவர் தாண்டிக் கேட்கும். ஒருநாள் கேரல் மெட்டை டேப்பில் பதிந்து வைத்துவிட்டு மாஜாங் ஆடப் போனார். வேலை முடிந்து வந்த காஃபின் அதைக் கேட்டு வார்த்தை எழுதினார். விடிந்தபின் இவன் மனம் மாறிவிடுமோ என்று ஒரு பெண் அஞ்சும் பாட்டு: 'வில் யூ லவ் மீ டுமாரோ'.

ஷிரெல்ஸ் குழுவின் ஷர்லி ஓவென்ஸுக்கு முதலில் பிடிக்கவில்லை. வயலின்கள் சேர்ந்த பிறகு இசைந்தார். அந்த வயலின் பகுதிகளையும் கேரலே எழுதினார். 1961 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அங்கே வந்தது அதுவே முதல் தடவை.

18 வயதுப் பெண்ணின் நாட்குறிப்பு போலவே அதைக் கேட்கிறோம். அந்தப் பயத்துக்கு வார்த்தை கொடுத்தவன் ஓர் ஆண். 1971இல் 'டேபெஸ்ட்ரி' தொகுப்பில் கேரல் தானே பியானோ வாசித்து, மெதுவாகப் பாடினார். காஃபினுடனான மணவாழ்வு அதற்குள் முடிந்திருந்தது. ஷிரெல்ஸ் பாடும்போது அது கேள்வி. இங்கே பதில் தெரிந்தவர் கேட்கிறார்.

*

பால் அங்காவின் 'டயானா', 15 வயது, 1957. துள்ளல் இருக்கிறது, வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை.

நான் சொன்னதற்கு எதிர்ச்சாட்சி பாடகி லார்ட். 15 வயதில் 'ராயல்ஸ்' எழுதினார். நியூசிலாந்தின் புறநகர்ப் பிள்ளைகள், பாட்டுகளில் வரும் வைரமும் காரும் நமக்கானவை அல்ல என்று சொல்வது. சொந்த வயது, சொந்தத் தெரு, பொய்யே இல்லை.

*

ஜானிஸ் இயன் 13 வயதில் தொடங்கி 14இல் முடித்த பாட்டு 'சொசைட்டிஸ் சைல்ட்'. வெள்ளைக்காரப் பெண் கறுப்பினப் பையனை நேசிக்கிறாள். அம்மா அவனை வீட்டுக்குள் விடவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே அவனை விலக்குகிறாள். அந்தக் கோழைத்தனத்தை ஜானிஸ் மாற்றாமல் வைத்தாரே, அதுதான் பெரிய தைரியம். வேறு யாராவது ஒரு புரட்சிப் பெண்ணை எழுதியிருப்பார்கள். அட்லாண்டிக் நிறுவனம் வெளியிடவில்லை. பல வானொலிகள் ஒலிபரப்பவில்லை. 1967இல் இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைப் பாட வைத்த பிறகே பாட்டு பரவியது. மேடைகளில் வசையும் வாங்கினார், 16 வயதில்.

அழகில்லாத பெண்ணின் பதினேழு வயதைப் பற்றி அவர் எழுதிய 'அட் செவன்டீன்' வெளிவந்தது 1975இல். அப்போது வயது 24.

*

கேட் புஷ் 'வதரிங் ஹைட்ஸ்' எழுதியது 1977 மார்ச்சில், 18 வயதில். அதே பெயருள்ள நாவலின் தொலைக்காட்சி வடிவத்தின் கடைசிச் சில நிமிடங்களைப் பார்த்திருந்தார். பாடுகிறவள் அந்த நாவலில் செத்துப்போன கேத்தி, ஜன்னலுக்கு வெளியே நின்று. முதலில் வேறு பாட்டை வெளியிட நிறுவனம் விரும்பியது, அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1978இல் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம். தானே எழுதிய பாட்டோடு அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். 1986இல் முதிர்ந்த குரலில் மறுபடி பாடினார். பாட்டு தேர்ந்திருக்கிறது; பேய் போய்விட்டது. எனக்கு 1978தான்.

அந்தப் பாட்டு வந்த முதல் தொகுப்பிலேயே 'தி மேன் வித் த சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்' இருக்கிறது. 13 வயதில் எழுதி, கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் செலவு செய்ய, 16 வயதில் பதிவானது. 1978இல் அதை மறுபடி பாடவில்லை; அந்தப் பதிவையே அப்படியே சேர்த்தார்கள். மறு ஆண்டு சிறந்த பாடல் வரிகளுக்கான ஐவர் நொவெல்லோ விருது அதற்குக் கிடைத்தது.