பின் சக்கரத்தின் இடைவெளி

காவிரிக் கடைமடையில் வாழ்கிறவர்களுக்குச் சரிவு என்பது பழக்கமில்லாதது. திருவேட்டக்குடியிலிருந்து வடக்கே பொறையாற்றுக்குப் போனாலும் தெற்கே காரைக்காலுக்குப் போனாலும் நிலம் தட்டையாகவே கிடக்கிறது. காரை நிறுத்தி கியரில் போட்டுவிட்டு இறங்கினால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று இங்கே பலரும் மாதக்கணக்கில் யோசிப்பதில்லை. மேடென்று சொல்ல ஆற்றுப் பாலங்களின் ஏற்றம் மட்டும்தான் உண்டு.

அப்படியொரு ஏற்றத்தில், வாகன வரிசையில் நின்றிருந்தபோது, எங்கள் பழைய கார் பின்னோக்கி நகர்ந்தது. ஹேண்ட் பிரேக் முழுதும் இழுத்த நிலையில் இருந்தது. பின்னால் ஓர் இருசக்கர வண்டி. ஓட்டிவந்த பெண்ணின் முன்னே ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. காலால் பிரேக்கை மிதித்ததும் கார் நின்றுவிட்டது. நகர்ந்தது ஒரு முழம்கூட இராது. ஆனால் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் காசு கொடுத்துப் பிரேக்கை 'டைட்' செய்து வாங்கியிருந்தேன். அங்கே செய்தது என்னவென்று பிறகு பார்த்தபோது விளங்கியது. ஹேண்ட் பிரேக் நெம்புகோலுக்குக் கீழே கேபிளின் நுனியிலுள்ள நட்டைச் சில சுற்று முறுக்கியிருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அம்பாசிடர் காலத்திலிருந்து வாடகைக் கார் ஓட்டியவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "கயிறை முறுக்கி என்ன தம்பி ஆகப்போவுது? உள்ளே ஷூ எங்கே நிக்குதுன்னு பாத்தாங்களா?"

இந்தக் கேள்விக்குள் டிரம் பிரேக்கின் முழு இயல்பும் அடங்கியிருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புக் கிண்ணம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதித்தால் வீல் சிலிண்டர் அவற்றை விரித்துக் கிண்ணத்தின் உட்சுவரில் அழுத்துகிறது. விட்டால் ஸ்பிரிங்குகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. பெடல் கீழே இறங்குகிறது. ஹேண்ட் பிரேக் நெம்புகோல் மேலே ஏறுகிறது. அந்த இடைவெளியைச் சரிசெய்யவே டிரம்முக்குள் அட்ஜஸ்டர் என்ற பல்வைத்த சிறு திருகு இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் முறுக்கினால் உள்ளேயிருக்கும் நெம்புகோல் எப்போதும் பாதி இழுத்த நிலையில் நிற்கும். ஷூக்கள் தம் இடத்துக்குத் திரும்பா. பல கார்களில் தானாக இயங்கவேண்டிய அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. சில நாள் பிடிப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

இந்தக் குறையைக் கால் பிரேக் மறைத்துவிடுகிறது என்பதே இதில் ஆபத்தானது. கார் நிற்கும்போது பாரம் முன்னே சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன் சக்கர டிஸ்க்குகள் செய்துவிடுகின்றன. பின் சக்கரம் ஏறக்குறைய சும்மா சுழன்றாலும் அன்றாட ஓட்டத்தில் தெரிவதில்லை. ஆனால் பெடல் ஓரளவு பேசும். இரண்டு மூன்று முறை விட்டு மிதித்தால் உயர்ந்து வருகிறதென்றால் இடைவெளி கூடியிருக்கக்கூடும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ வேறெங்கோ கசிகிறது. பின்னிரண்டும் அட்ஜஸ்டரால் தீராதவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் மேற்பார்வையில் வேலையைத் தொடங்கினேன். கெட்டித் தரை, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக் முழுவதும் விடுதலை. ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைத்தாக வேண்டும். ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கம். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் ஓரளவு விடை சொல்லும்.

டிரம் வரவில்லை. கடற்காற்று உள்ள ஊர்களில் இது வழக்கம். ஹப்போடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். டிரம்மின் முகத்தில் மரையிட்ட இரு துளைகள் இருந்தன. அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கியதும் கிண்ணம் தானே வெளியே வந்தது. அட்ஜஸ்டர் துருவில் இறுகிக் கல்லாகியிருந்தது.

உள்ளே கரும்பொடி. பட்டறைப் பையன்கள் இதை வாயால் ஊதியோ காற்றுக்குழாயால் அடித்தோ விரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஒரு காரில் என்ன லைனிங் இருக்கிறதென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துத் துணியையே கட்டி அப்புறப்படுத்தினோம். அந்தப் பையன்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

லைனிங்கின் தடிமன் போதுமானதாக இருந்தது. அட்ஜஸ்டரைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, சிறிது கிரீஸ் தடவி அதே பக்கத்தில் பூட்டினேன். இடம் வலத்துக்கு மரை எதிரெதிராக இருக்கும். மாற்றிப் போட்டால் நெருங்குவதற்குப் பதில் விலகும். டிரம்மை மாட்டி, பின்தகட்டுத் துளை வழியே ஸ்க்ரூ டிரைவரால் சக்கரம் சுற்றாத அளவுக்குப் பற்களை நகர்த்தினேன். பிரேக்கைச் சிலமுறை மிதித்து ஷூக்களை நடுவில் அமரச் செய்தேன். பிறகு ஒவ்வொரு பல்லாகப் பின்வாங்கவேண்டும். பெரியவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். "இன்னும் ஒண்ணு விடுங்க… போதும்." மெல்லிய உரசல் ஒலி மட்டும், ஒரே சீராக. கூடுதலாக இறுக்கினால் ஓட ஓட டிரம் சுடும். சூடேறினால் பிடிமானம் குறையும். இருபுறமும் ஒத்த அளவில் அமைந்த பிறகுதான் பட்டறை முறுக்கிய கேபிளைத் தளர்த்தி ஒழுங்கான அளவுக்குக் கொண்டுவந்தோம்.

இன்றைய டிரம் பிரேக்கின் அடிப்படை வடிவத்தை லூயி ரெனோ உருவாக்கியது 1902இல். அப்போது காரைக்கால் அவருடைய நாட்டின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962இல்தான் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும் தொடங்கியது. டிரம்மின் காலம் முடிந்துவிட்டது என்று பலமுறை சொல்லியாயிற்று. ஆனால் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும் மின்சாரக் கார்களில் பின் டிஸ்க்குகள் போதிய வேலையின்றித் துருப்பிடிப்பதால், வோக்ஸ்வாகன் தன் ஐடி.3 காரின் பின் சக்கரங்களுக்கு மூடிய டிரம்மையே தேர்ந்தெடுத்தது. மூடியிருப்பது அதற்குப் பாதுகாப்பு. நமக்கு அதுவே மறதி.

மாசிமகத்தன்று எங்கள் ஊர் சுந்தரேசுவரர் வேடர் கோலத்தில் கடலாடப் புறப்படுவார். கடற்கரைச் சாலை முழுதும் தலைகளாக இருக்கும். குழந்தைகள் கைவிட்டு ஓடும் அந்தக் கூட்டத்தில் கார் ஊர்ந்துதான் போகவேண்டும். அதற்கு முன்பாக ஆண்டுதோறும் டிரம்மைத் திறந்து பார்ப்பதென்று வைத்திருக்கிறேன். பெரியவர் சொல்லித்தந்த கடைசிப் பாடம் புத்தகத்தில் கிடைக்காதது. பிரேக்கில் கை வைத்தவன் முதலில் தனியாக, ஆளில்லாத சாலையில், மெதுவாக ஓட்டி, பத்துமுறை நிறுத்திப் பார்க்கவேண்டும். அதன் பிறகே அடுத்தவரை ஏற்றலாம்.