பேப்பர் வராத மடு

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் கொண்டுபோனது. மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சிவில் பேராசிரியர், டீன், தஞ்சாவூர்க்காரர். வேறு யாரிடம் போவார்கள்? நானும் பேசினேன். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு, விட்டால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் சரிந்துவிடும், அதைத் தடுக்கத்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டினார் என்றேன். அணைக்குக் கீழே மணல் அரித்தால் அடித்தளம் என்னவாகும் என்று கையாலேயே காட்டினேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதுவரை நான் முக்கொம்புக்குப் போயிருந்தது மூன்றே தடவை. மூன்றும் குடும்பத்தோடு, புளியோதரை கட்டிக்கொண்டு.

பல வருஷத்துக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைப் பையன் ஒருவன் எம்.இ. புராஜெக்டுக்காக என்னிடம் வந்தான். அவன் ஊர்ச் சட்ரஸுக்கு, அதாவது வாய்க்கால் மதகுக்கு, கீழே தண்ணீர் விழுந்து விழுந்து மடு ஆழமாகிக்கொண்டிருந்தது. மதகைத் திறந்து மூடும் ஊர் லஸ்கர் ஒவ்வொரு கோடையிலும் மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். பையன் அந்த நோட்டையே வாங்கி வந்துவிட்டான். நான் இரண்டு பக்கம் புரட்டினேன்.

"இதுல பேப்பர் வராதுப்பா."

கம்ப்யூட்டரில் ஒரு வாய்க்கால் செய்யச் சொன்னேன். எங்கும் இல்லாத வாய்க்கால். மணலெல்லாம் ஒரே அளவு, கோரை இல்லை, மாடு இறங்காது. ஆய்விதழில் பேப்பர் வந்தது. உழைப்பு அவனுடையது, முதல் பெயர் என்னுடையது. பதவி உயர்வுக் கோப்பில் அதுவும் சேர்ந்தது. டீன் ஆனதும் மற்றவர்களின் பேப்பர்களை எண்ண ஆரம்பித்தேன்.

பையன் வந்த அந்த வருஷமும் முதல் வகுப்பைக் கல்லணைக் கதையில்தான் தொடங்கினேன். அடி காணாத மணலில் கல்லைப் போட்டு, அது அமிழ அமிழ மேலே கல் போட்டு எழுப்பிய அணை. மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் காட்டனே அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார் என்பேன். பையன்கள் கைதட்டுவார்கள். லஸ்கர் நோட்டை அதற்கு முந்தின வாரம்தான் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

அந்த நோட்டை ஒதுக்கியதற்குப் பேப்பர் ஆசை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிதாக இருந்தது பயம். ஓடுகிற ஆற்றில், நீரோட்டம் அளக்கும் கரண்ட் மீட்டரை இறக்கி நான் அளந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. மடுவுக்குப் போனால் அந்தப் பையன் முன்னால் என் கை நடுங்கும், லஸ்கர் சிரிப்பார். வகுப்பறையில் அந்த ஆபத்து இல்லை.

முக்கொம்பு பற்றி நான் தொலைக்காட்சியில் வந்த அன்று இரவு அந்தப் பையன் துபாயிலிருந்து கூப்பிட்டான்.

"பாத்தேன் சார். நல்லா சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்தி, "எங்க ஊரு சட்ரஸ் இன்னும் நிக்குது சார். மடுதான் ரெண்டு ஆள் ஆழம் ஆயிடுச்சாம். பசங்க குதிச்சுக் குளிக்கிறாங்களாம்" என்றான்.

"சந்தோஷம்ப்பா" என்றேன்.