நீங்களே பாத்து ஒண்ணு போட்டுடுங்க சார்

பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்த ஆசிரியருக்கு, மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததுமே குரூப்பைச் சொல்லிவிடும் பழக்கம் வந்துவிடும். கணக்கில் நல்ல மார்க் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தால் காமர்ஸ், இன்னும் குறைந்தால் வொகேஷனல். பெற்றோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். "எங்களுக்கு என்ன சார் தெரியும், நீங்களே பாத்து ஒண்ணு போட்டுடுங்க." பையன் பக்கத்தில்தான் நிற்பான். அவனைக் கேட்டால், "அப்பா என்ன சொல்றாரோ அது சார்" என்பான்.

அந்த மேசையில் வைத்து யாருக்கும் முடிவெடுக்கக் கற்றுத்தர முடியாது. பின்னால் வரிசை நிற்கிறது. அதனால் நான் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தலும் ஒன்று. பயிற்சி முகாம்களில் சார்ட் தாளில் வட்டம் போட்டு அதைக் காட்டுவார்கள்; டீ வந்ததும் வட்டம் மறந்துபோகும். 2022 மார்ச்சில் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்தபிறகு படிப்புகள், கல்லூரிகள் பற்றிய தகவலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நூறு படிப்புகளின் பெயர் தெரிந்த பிள்ளைக்கும், இரண்டில் எது தனக்கு வேண்டும் என்று சொல்லத் தெரிவதில்லை. கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் கைகொடுப்பது ஒரு சின்ன விளையாட்டு.

வகுப்பு வேலைகளைப் பலகையில் எழுதுவேன்: நூலகம், ஆய்வகம், தோட்டம், விளையாட்டுச் சாமான்கள், செய்திப் பலகை. ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு ரேங்க். பிறகு ஒவ்வொருவரும் தன் விருப்ப வரிசையைத் தாளில் எழுதித் தர வேண்டும். ரேங்க்படி ஒவ்வொரு தாளாக எடுத்து, மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் வேலையைக் கொடுத்துவிடுவேன். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளை விட்டுவிட்டால், பொறியியல் கலந்தாய்வும் இதே கணக்குதான்.

கடைசி ரேங்க் வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஆய்வகத்தின் மேல் ஆசை இருந்தும், 'நமக்கெங்கே கிடைக்கப்போகுது' என்று தோட்டத்தை முதலில் எழுதிவிடுவார்கள். எல்லாருமே அப்படி நினைத்ததால், கடைசியில் பார்த்தால் ஆய்வகத்தில் ஓர் இடம் அப்படியே கிடக்கும். வகுப்பே கத்தும். "ஆய்வகத்தை மேலே எழுதியிருந்தா தோட்டம் போயிருக்குமா?" என்று அப்போது கேட்பேன். முதலில் "ஆமா சார்" என்பார்கள். பிறகு அவர்களே தாளை வைத்து மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். போயிருக்காது. ஒருவருடைய முறை வந்தால் அவர் தாள் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகிறோம். கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதால் கீழே இருப்பது நழுவாது.

இது புரிந்த பிள்ளைதான் பிளஸ் டூ முடித்து, கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 என்று 200-க்கு கட் ஆஃப் போட்டுக்கொண்டு சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது தப்பிக்கிறது. பல ஊர்களில் அந்த வேலை நடப்பது பிரவுசிங் சென்டரில். "உன் கட் ஆஃபுக்கு இதெல்லாம் வராது தம்பி" என்று சென்டர்க்காரர் மேல் வரிசைகளை அழித்துவிடுவார். அவரும் நல்ல மனசோடுதான் செய்கிறார். அழிப்பதால் ஒரு லாபமும் இல்லை என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும்; அந்த ஆள் மாணவனாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு பயிற்சி, ஒவ்வொரு வழியும் எதை மூடுகிறது, மூடியது வேறெங்கே திறக்கிறது என்று எழுதுவது. கணக்கு, உயிரியல் இரண்டும் உள்ள குரூப்பை எடுத்தால் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் வழி இருக்கும் என்பது ஊரறிந்தது. கணக்கு வராத பிள்ளை அதற்காக இரண்டு வருடம் என்ன விலை கொடுக்கும் என்பதை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. பத்தாவது முடித்து மூன்றாண்டு டிப்ளமோ படித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கு எந்த குரூப்பும் தடையில்லை. இவை தாளில் ஏறியதும் ஃபர்ஸ்ட் குரூப்பின் பளபளப்பு கொஞ்சம் குறையும்.

பெண் பிள்ளைகளின் தாளில் பெரும்பாலும் வேறொரு வரி இருக்கும்: 'பஸ் இருக்கா?' அதை எழுத வெட்கப்படுவார்கள். நான் அதை முதல் வரியாகவே எழுதச் சொல்வேன். வழிகாட்டிக் கையேடுகளில் 'ஆர்வம்', 'திறமை' என்று தலைப்புகள் இருக்கின்றன; கடைசி பஸ் நேரத்துக்குத் தலைப்பு இல்லை.

நான் கறாராக இருப்பது ஒரு விஷயத்தில் மட்டும். பட்டியலில் எதையாவது அடித்தால், ஏன், யார் சொன்னது என்று பக்கத்தில் எழுத வேண்டும். 'ஃபீஸ் கட்ட முடியாது, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்' என்பது வழக்கமான வரி. 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அண்ணனுக்கு இது தெரியாது. விசாரித்துவிட்டு வந்து, அடித்ததைத் திரும்ப எழுதுகிறவர்கள் உண்டு. 'அம்மா தனியா இருப்பாங்க' என்று எழுதி அடித்தவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரிகளை மட்டும் வைத்து வரிசையைப் புதிதாக எழுதச் சொல்லி இன்னொரு தாள் தருவேன்.