காங்கேயத்தில் ஒரு லிட்டர் சண்டை

திருப்பூரில் பனியன் மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸில் இடம் பிடித்து, காங்கேயம் நெருங்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது, ஊர் வந்தாச்சு என்று. உலர்களங்களில் வெள்ளை வெளேரென்று கொப்பரை. காளைக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் நான் போனது காளை பிடிக்க அல்ல, சண்டை பிடிக்க!

போன மாதம் அங்கே ஒரு மில்லில் பத்து லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கினேன். வீட்டில் மனைவி நிறுத்துப் பார்த்தாள். கேன் எடை போக 9 கிலோ 100 கிராம்! "ஏமாறுறதுக்குக் காங்கேயம் வரைக்கும் போகணுமா? நம்ம தெருக்கடையே போதுமே!" என்றாள்.

மில்காரப் பெரியவர் கோபப்படவில்லை. மோர் கொடுத்து, "ஏனுங்க, நீங்க வாங்குனது லிட்டருங்களா, கிலோவுங்களா?" என்றார்.

"லிட்டர்தான்."

"அப்பறம் தராசுல வெச்சா எப்படீங்க?"

ஒரு லிட்டர் அளவையில் தண்ணீரை ஊற்றி நிறுத்தினார். ஒரு கிலோ. எண்ணெயை ஊற்றினார். சுமார் 910 கிராம். அரிசியைக் கொட்டித் தலை வழித்தார். ஏறக்குறைய 800 கிராம்தான்! "லிட்டருங்கறது எடமுங்க, கிலோங்கறது கனமுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் ஏறாதது மில்லில் ஏறியது.

"எங்கப்பாரு காலத்துல படியும் வள்ளமுந்தானுங்க. நாலு படி ஒரு வள்ளம்" என்றார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு ஊர் படி வேறு. தலை வழித்தால் ஒரு கணக்கு, குவித்தால் ஒரு கணக்கு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தீராத வம்பு! 1956-ல் மத்திய அரசு சட்டம் போட்டு மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்தபோது, ஒரு லிட்டர் எல்லா ஊரிலும் ஒரே லிட்டர் ஆனது.

அம்மா அரிசியும் பருப்புஞ்சாதம் வைக்கும்போது அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே ஆழாக்குதான் எடுப்பாள். தராசே கிடையாது, ஒரு நாளும் குழைந்ததில்லை. நாங்கள் அரிசியைக் கிலோவிலும் தண்ணீரை டம்ளரிலும் அளந்து கஞ்சி காய்ச்சுகிறோம்!

திரும்பும் வழியில் சிவன்மலை தெரிந்தது. பெரியவரைச் சந்தேகப்பட்டதற்கு இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

வீட்டில் விஷயத்தை விளக்கினேன். மனைவி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அப்போ லிட்டரும் கிலோவும் ஒரே விலைன்னா, கிலோவா வாங்கினாத்தானே எண்ணெய் ஜாஸ்தி? இத்தனை வருஷமா ஏன் லிட்டர்ல வாங்குனீங்க?"

மறுபடியும் காங்கேயம் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!