விசாலம் வீட்டுத் தரை



போன மாதம் நானும் அக்காவும் கானாடுகாத்தான் போய் வந்தோம். படங்களைப் பார்த்துவிட்டு, "சார், ஓட்டல் எப்படி இருந்தது?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். மதியம் கடைசி பீரியட் போல நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், என் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த பரிசு இது. இரண்டு பேர் இரண்டு நாள் தங்கலாம். என் மனைவி போய் மூன்று வருடமாகிறது. அதனால் அக்காவைக் கூப்பிட்டேன். "அவ்வளவு பெரிய ஓட்டல்ல எனக்கென்னடா வேலை?" என்றவள், முதல் நாளே பையைக் கட்டி வைத்துவிட்டாள். பல்லவனில் காரைக்குடி போய், அங்கிருந்து காரில் போனோம்.

ஓட்டலின் பெயர் விசாலம். மொத்தமே 15 அறைகள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது தரைதான். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பூவும் கட்டமுமாக ஆத்தங்குடிக் கல். ஜமக்காளம் விரித்த மாதிரி இருக்கிறது. சன்னல் மேலே வண்ணக் கண்ணாடி. வெயில் ஏற ஏற அந்த நிறமும் தரையில் விழுகிறது. நம் ஊரில் வீட்டுக்குள் இத்தனை நிறம் அடித்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அங்கே அது கம்பீரமாக இருக்கிறது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஓட்டல் பையன் "பரவால்லம்மா, போட்டுக்குங்க" என்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஆத்தங்குடிக்குப் போய்க் கல் செய்வதையும் பார்த்தோம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு பூவிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அளவுகோல் கிடையாது, கையும் கண்ணும்தான். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். சூளை இல்லை. உலர்த்தித் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடி பிரிந்து வரும்போது கல்லுக்கும் அந்த வழவழப்பு வந்துவிடுகிறது. அக்கா கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை நாள் தண்ணியில கிடக்கணும்?" ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த வீட்டின் கதை இதுதான். 1939-இல் ராமநாதன் செட்டியார் என்பவர் தன் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. செட்டிநாட்டில் வீடு என்பது ஆண் வழி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு. மகளுக்குச் சீர் போகும், வீடு போகாது. பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் வைத்துக் கட்டிய நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நடுவில், மகள் பெயர் சொல்லி ஒரு வீடு.

அன்று ராத்திரி முற்றத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அக்கா காலால் தரையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நம்ம வீட்டுத் தரைக்கு அப்பவே நான் எவ்வளவு தண்ணி எறைச்சேன், ஞாபகம் இருக்காடா?"

இருக்கிறது. 1968-இல் அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் அப்பா வீடு கட்டினார். ஆவடி டாங்க் ஃபேக்டரிச் சம்பளம். சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, ஓரத்தில் கறுப்புக் கரை. அது வெடிக்காமல் இருக்கக் கிணற்றிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்து கட்டி வைத்தவள் பதினேழு வயது அக்கா. பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினாள். அதன் பிறகு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். என் பி.எட். பீஸ் அந்தச் சம்பளம்தான்.

"டைல்ஸ் போட்டப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தூங்க விடவில்லை.

2009-இல் அந்தத் தரையின் மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டினேன். ஏன் கேட்கவில்லை? வீடு என்னுடையது. எப்படி என்னுடையதானது? அப்பா 1994-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு. சமூக அறிவியல் வகுப்பில் உங்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த நான்தான் அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒரு பட்டுப்புடவையும் ஆட்டோ செலவும் கொடுத்தேன். "எனக்கெதுக்குடா வீடு" என்றாள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டை இடித்து ஆறு ஃபிளாட் கட்டப் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் பங்குக்கு மூன்று வரும். ஊருக்கு வந்ததும் மகனையும் மகளையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன், ஒன்று அத்தை பெயரில் என்று. மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தரையை அத்தையே செலக்ட் பண்ணட்டும்பா" என்றான். அக்கா இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். இந்த முறை நான் விடப்போவதில்லை. எல்லோரும் பார்க்க இங்கே எழுதுவதும் அதற்காகத்தான், பின்வாங்க எனக்கே வழி இருக்கக்கூடாது.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. நம் குடும்பங்களில் இப்படிக் கையெழுத்துப் போட்ட அக்கா தங்கைகள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாம் முறை கேட்டுப் பாருங்கள்.

89 பேட்ச் பிள்ளைகளுக்கு: ஓட்டல் நன்றாக இருந்தது, வாழை இலைச் சாப்பாடும் பிரமாதம். நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய பரிசு கொடுத்துவிட்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்